வாயை மூடிக்கொண்டு மலை பார்த்த நாள்

கதைப்பதற்கென்றே ஒழுங்கு பண்ணின பயணம் அது. இதை முதலே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு எனக்கு ஏன் அப்படி விசர் ஏறியது என்று ஒருத்தருக்கும் விளங்காது.

சண்டைக் காலம். அம்மாவும் நானும் வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். மற்றப் பாதியில் வீட்டுக்காரம்மா. நடுவில் ஒரு பலகை மறைப்பு. அந்த மனுசிக்குச் சீனி வருத்தம், முழங்கால் வருத்தம், உலகத்தில் இருக்கிற வருத்தம் எல்லாம் இருந்தது. காது மட்டும் பழுதில்லை. எங்கள் பக்கத்தில் மெல்லச் சொன்ன கதை அடுத்த நாள் மரக்கறிக் கடையில் என்னிடமே திரும்பி வரும்.

அந்த வீட்டுக்குத்தான் கனடாவிலிருந்து என் தம்பி வந்து இறங்கினான். மீசை முளைக்க முதல் போனவன், தலைமயிர் கொட்டத் தொடங்கின பிறகு வந்தான். சும்மா வரவில்லை. அம்மாவைத் தன்னோடு கூப்பிட ஸ்பொன்சர் செய்து, அலுவல் எல்லாம் சரிவந்து, விசாவும் குத்தியாகிவிட்டது. இனி அம்மா ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ரிக்கற் போட்டுவிடுவான். அந்த ஒரு சொல்லைத்தான் அம்மா சொல்லவில்லை. ரெலிபோனில் கேட்டபோது "பாப்பம்" என்றா. நேரில் கேட்டபோது "முதல் சாப்பிடு" என்றா.

எனக்கு அந்த ஸ்பொன்சரில் இடமில்லை. வயது கடந்த அக்காமாரைக் கூப்பிட அந்த நாட்டுச் சட்டம் விடாதாம். ஆகவே அம்மா போனால் அந்தப் பாதி மாடியில் நானும் பலகை மறைப்பும்தான். அம்மா போகக்கூடாது என்று என் மனம் கிடந்து அடித்தது. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? எந்த நேரமும் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்கிற ஊர். எங்கேயாவது குண்டு வெடித்தால் நான் கொள்ளுப்பிட்டியில் வேலை செய்கிற கந்தோரிலிருந்து வந்து சேரும்வரை அம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவ. அப்படிப்பட்ட மனுசியைப் பிடித்து, இங்கேயே இருங்கோ என்று சொல்ல எனக்கு என்ன நியாயம்? போங்கோ என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் சட்டி பானையை உடைக்காத குறையாக, கண்டவர் நின்றவர் எல்லாரிலும் எரிந்து விழுந்துகொண்டு திரிந்தேன்.

தம்பி நின்ற நாட்களில் ஆறுதலாகக் கதைக்கத்தான் விட்டார்களா? பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பின சனமெல்லாம் படியேறி வந்தது. ஒருத்தி மிளகாய்த்தூள், ஒருத்தி பருத்தித்துறை வடை, ஒருவர் மருமகளுக்குச் சீலை. எல்லாருக்கும் அது "ஒரு சின்னப் பார்சல்தான் தம்பி". அவர்கள் போய்க் கதவைச் சாத்தினால் மறைப்புக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். வீட்டுக்காரம்மா கிட்டவாக வந்து இருந்துவிட்டா என்று அர்த்தம்.

அவன் திரும்பிப் போவதற்கு முதல்நாளைக்குத்தான் இந்தக் கண்டறியாத யோசனை. எங்கேயோ ஒரு பயணக் கந்தோரில் பேசி, எங்கள் மூன்று பேருக்கு மட்டும் ஒரு வான், சாரதி, ஆங்கிலம் கதைக்கிற கைட். விடியப் போய்த் தம்புள்ளைக் குகைகள், பிறகு சிகிரியா மலை, நடுவில் சாப்பாடு, பின்னேரம் வீடு.

"கதைக்கிறதுக்குக் கடற்கரை காணாதோடா?" என்று கேட்டேன்.

"கடற்கரையில நேவிக்காரன் நிக்கிறான் அக்கா. வானுக்குள்ள எண்டால் நாங்கள் மூண்டு பேர்தானே. ஆறுதலாக் கதைச்சு ஒரு முடிவெடுப்பம். அதோட, வேலையில வெள்ளைக்காரர் சிகிரியாப் படத்தைக் காட்டி என்னட்டை விபரம் கேக்கிறாங்கள். நான் முழிசிக்கொண்டு நிக்கிறன்."

அதென்னவோ உண்மைதான். நாங்களும் பார்த்ததில்லை. எங்களுக்கு இலங்கை என்றால் யாழ்ப்பாணம், வெள்ளவத்தை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளமான ரயில் பயணம். பிறகு அந்த ரயிலும் நின்றுபோயிற்று.

அம்மா விடியப்புறமே எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, முட்டையும் பொரித்து வாழையிலையில் கட்டிவிட்டா. சாப்பாடு பயணக் காசுக்குள் அடக்கம் என்று தம்பி சொன்னது அவவின் காதில் ஏறவில்லை. குளித்து, நல்ல சீலை உடுத்து, திருநீறு பூசி, பார்சலை மடியில் வைத்துக்கொண்டு ஆயத்தமாக இருந்தா. தம்பி அரைக்காற்சட்டையும் தொப்பியும் கமராவுமாக வந்தான். வந்து, கதவைத் திறக்க முதல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"ஒரு விஷயம். வானில தமிழ் கதைக்க வேண்டாம்."

எனக்கு விளங்கவில்லை. "என்ன?"

"ட்ரைவரும் கைட்டும் சிங்கள ஆக்கள். ஆரெவர் எண்டு தெரியாது. ஒருத்தன் சும்மா ஒரு சொல்லுச் சொல்லி விட்டாலே காணும், நாளைக்கு நான் பிளேன் ஏறினபாடில்லை. அங்க எல்லாரும் சொல்லி விட்டவை, வெளியில தமிழ் கதைக்காதை எண்டு."

"அப்ப எதுக்கடா வான்?"

"நேரம் பாத்துக் கதைப்பம் அக்கா. அவங்கள் இறங்கி நிக்கேக்க."

எனக்கு உச்சியில் பத்திக்கொண்டது. நாங்கள் என்ன நேற்றா கொழும்புக்கு வந்தோம்? பஸ்ஸில் ஏறினால் குரலைத் தாழ்த்துவோம், கடையில் சிங்களத்தில் விலை கேட்போம், செக்பொயின்ரில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வோம். எந்த இடத்தில் வாயைத் திறப்பது, எந்த இடத்தில் மூடுவது என்று எங்களுக்குத் தெரியாதா? இவன் கனடாவில் இருந்து வந்து எங்களுக்குப் படிப்பிக்கிறான். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவன் கேட்கவில்லை. பையிலிருந்து கடுதாசிக் கைலேஞ்சி ஒன்றை எடுத்து, அம்மாவின் நெற்றியைப் பிடித்து, திருநீற்றைத் துடைத்தான்.

நான் பாயப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தா.

"அவன் பயப்பிடுறான். விடு."

அதுதான் அன்றைக்கு வீட்டு வாசலில் அம்மா கடைசியாகச் சொன்னது.

கைட் மெலிந்த, உயர்ந்த பொடியன். முப்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட். "குட் மோர்னிங் சேர், குட் மோர்னிங் மேடம்" என்று வான் கதவைத் திறந்து பிடித்தான். சாரதி வயிறு வைத்த மனிதர், கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் பாட்டில் ஓட்டினார். காலி வீதி தாண்டவில்லை, கைட் தொடங்கிவிட்டான். அப்பாடா, என்ன வாய்! பேலியகொடையில் மீன் மணம் மூக்கைத் துளைக்குது, அவன் அதிலிருந்தும் ஒரு சரித்திரம் எடுக்கிறான். ஆறு, தென்னை, றப்பர், கஜு, யானை, போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், எல்லாம் ஆங்கிலத்தில், மூச்சு விடாமல். தம்பி "ஓ றியலி? ஓ றியலி?" என்று தலையாட்டிக்கொண்டு வந்தான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவ அந்தப் பொடியனின் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தா. மொழிபெயர்க்கலாம் என்றால் தமிழ் கூடாதே. கொஞ்சத் தூரம் போனபின் கைட்டே கேட்டான், அம்மாவுக்குத் தான் சொல்வது விளங்குகிறதா என்று. தம்பி ஒரு கணம் முழித்தான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான், அம்மாவுக்குக் காது கேட்காது என்று.

கடவுளே! எனக்கு அவன் மண்டையில் ஒரு குட்டுப் போட வேணும் போல இருந்தது. பொய் சொல்கிறதுதான் சொல்கிறாய், கொஞ்சம் யோசித்துச் சொல்லக்கூடாதா? கைட் நல்ல மனமுள்ள பொடியன். காது கேளாத வயதான மனுசி பாவம் என்று நினைத்துவிட்டான். அதற்குப் பிறகு நாள் முழுக்க அம்மாவின் காதுக்குக் கிட்டக் குனிந்து, ஒவ்வொரு விஷயத்தையும் ஆங்கிலத்தில் கத்திச் சொன்னான். குருநாகலில் பெரிய மலைகள் தெரிந்தன. "எலிஃபன்ட் றொக், மேடம்! எலிஃபன்ட்!" அம்மா திடுக்கிட்டு மடியில் இருந்த பார்சலை இறுக்கிப் பிடித்தா. பிறகு அவன் ஆமை மலை என்றான், இன்னும் ஏதோ மிருகம் எல்லாம் காட்டினான். எனக்குக் கல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த எரிச்சலில் எனக்கு யானையே முன்னால் வந்து நின்றாலும் தெரிந்திராது.

தம்புள்ளையில் மலை ஏற வேண்டும். மொட்டைப் பாறை, வெயில் ஏறிவிட்டது, படியெல்லாம் குரங்கு. இரண்டு படி ஏறினதும் அம்மா பழக்கத்தில் "முரு..." என்றா. தம்பி திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அம்மா மிச்சத்தை விழுங்கிவிட்டா. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கி நின்றபோது அவவின் உதடு மட்டும் அசைந்தது. முருகன் பேரை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு மலை ஏறுகிற நிலைமை எங்களுக்கு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மேலே செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற கல்லில் தத்தித் தத்திப் போய்க் குகைக்குள் நுழைந்தோம். பொய் சொல்லக்கூடாது, உள்ளே கால் வைத்ததும் என் கோபம் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டது. அவ்வளவு குளிர். தலைக்கு மேலே வளைந்து வளைந்து போகிற கல்லில் ஓரிடம் விடாமல் சித்திரம். துணி விரித்துக் கட்டினது போல இருந்தது. எங்கேயோ ஒரு மூலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டு இருந்தது. வரிசையாகப் புத்தர்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு விஷ்ணு. அம்மா விஷ்ணுவைக் கண்டுவிட்டா. கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடினா.

"விஷ்ணு, மேடம்! விஷ்ணு!" கைட் காதுக்குள் கத்தினான். குகை முழுக்க அது உருண்டு போய்த் திரும்பி வந்தது. வெள்ளைச் சீலை உடுத்துக் கும்பிட வந்திருந்த பெண்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் படக்கூடாது என்றுதானே தம்பி இவ்வளவு பாடுபட்டவன்! நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஒரு சித்திரத்தில் பழைய காலத்து அரசர் இரண்டு பேர் யானை மேல் இருந்து சண்டை பிடிக்கிறார்கள். அது ஆர் ஆருக்கு நடந்த சண்டை என்று இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். ஒருவர் சிங்கள அரசர், மற்றவர் தமிழ் அரசர். பூ, இலை, மீன் எல்லாவற்றுக்கும் கதை வைத்திருந்த கைட், அதற்கு முன்னால் வந்ததும் "சம் ஓல்ட் வோர்" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்தான். எங்களைக் கண்டுபிடித்துவிட்டானோ என்று தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டில் கதைக்கலாம் என்று நினைத்தோம். கைட்டும் சாரதியும் தங்கள் ஆட்களுக்கான அறைக்குப் போய்விட்டார்கள். ஆனால் பக்கத்து மேசையில் ஒரு ஆமிப் பெரியவரும் குடும்பமும். தம்பி கரண்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். அம்மா நாலு பருக்கை சோறு கொறித்தா. இடியப்பப் பார்சல் மேசைக்குக் கீழே அவவின் காலடியில் கிடந்தது. விடியத் தொடங்கி ஒருத்தரோடு ஒருத்தர் ஒரு சொல் கதைக்கவில்லை. காசு கொடுத்து ஊமையாக இருந்தோம்.

சிகிரியாவில் அடிவாரத்தோடு அம்மா கையை விரித்துவிட்டா. அந்த உயரத்துக்கு ஏற ஏலாது. நான் அவவோடு நிற்பதென்று முடிவு. ஏறுவதற்கு முதல் தம்பி என் காதோரம் வந்து சொன்னான்:

"அக்கா, நீங்கள் கேளுங்கோ. நான் வர முதல் ஒரு பதில் எடுத்து வையுங்கோ."

எப்படி இருக்கிறது கதை! முடிவு கேட்க வந்தவன் மலை ஏறப் போகிறான், கேட்கிற வேலை எனக்கு. அதுவும் எனக்கு!

நானும் அம்மாவும் இரண்டு பெரிய பாறைகள் ஒன்றில் ஒன்று சாய்ந்து நின்ற இடத்தில், அந்த நிழலுக்குக் கீழே இருந்தோம். கிட்ட ஒரு குருவியைத் தவிர ஒருத்தருமில்லை. இனி எந்தத் தடையும் கிடையாது. "அம்மா, அவன் மலைக்குப் போட்டான். இனிக் கதையுங்கோ" என்றேன். அம்மா தலையை ஆட்டினா. மலையில் ஊர்ந்து போகிற சனத்துக்குள் அவனுடைய தொப்பியைத் தேடிக்கொண்டு இருந்தா. நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். போறன் என்று அவ சொல்லிவிட்டால் நான் அதை என் வாயால் தம்பிக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பதில் வேண்டாம். அவன் இறங்கி வரும்வரை நான் அந்தப் பாறையைத் திட்டிக்கொண்டு இருந்தேன்.

வெயிலில் சிவந்து, நனைந்த சேட்டோடு வந்தான். கண்ணால் கேட்டான். இல்லை என்று கண்ணால் சொன்னேன். வானில் ஏறினோம். திரும்பி வரும் வழியில் மழை. கைட்டும் களைத்துவிட்டான், அவனுக்கே கதை முடிந்துவிட்டது. பேலியகொடையைத் தாண்டிப் பாலத்தடிச் செக்பொயின்ருக்கு வந்தபோது பின்னேரம் மங்கத் தொடங்கிவிட்டது. வெளியே போகிறவரை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள், கொழும்புக்குள் வருகிறவரை விட மாட்டார்கள். கை காட்டி நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கு.

தம்பியின் கனடாப் பாஸ்போட்டைப் பொலிஸ்காரர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சாரதியின் அட்டையை வாங்கின கையோடு திருப்பிக் கொடுத்தார். எங்கள் அட்டைகளில் தமிழும் எழுதியிருக்கும், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றும் இருக்கும். அதனால் எங்களை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார். அது எங்களுக்குப் பழகின பக்கம்தான். பிறகு கைட்டின் அட்டையை வாங்கி, ரோச் லைற்றைப் பிடித்து, அவன் முகத்தைப் பார்த்தார்.

"தெமளத?" தமிழா என்று கேட்டார்.

"ஒவ் சேர்," ஓம் என்றான் கைட்.

"கொயித?" எந்த இடம்?

"கொட்டஹேன, சேர்."

கொட்டாஞ்சேனை! கொழும்பில் எங்கள் சனம் நிறைந்த இடம். அவனையும் எங்கள் பக்கம் போய் நிற்கச் சொன்னார். வந்து எனக்குப் பக்கத்தில் நின்றான். கஞ்சி போட்ட சேட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விடியத் தொடங்கி வாய் ஓயாமல் வந்த பொடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக மற்றப் பக்கத்தில் நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பொலிஸ்காரர் என்ன நினைப்பாரோ என்று கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சாரதி போய்ச் சிங்களத்தில் ஏதேதோ சொன்னார். மலை பார்க்கப் போன ஆட்கள், கந்தோர்ப் பயணம், வயதான அம்மா மழையில் நனைகிறா. பொலிஸ்காரர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எங்களை விட்டார்.

வான் பாலத்தில் ஏறியது. பிறகு கைட் மெல்லத் திரும்பினான்.

"மிஸ், நீங்க தமிழா?"

"விடியத் தொடங்கித் தமிழ்தான்," என்றேன். "நீர்?"

"பிறந்ததுல இருந்து மிஸ்." சிரிக்கவா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. "கனடா பார்ட்டின்னு ஆபிஸ்ல சொன்னாங்க. நீங்க தமிழ்ல ஒரு வார்த்தை பேசல்ல. சரி, தமிழ்னு காட்டிக்க விருப்பமில்லாத ஆக்கள் போலன்னு நினைச்சன். நானா தமிழ்ல பேசி, உங்களுக்குப் பிடிக்காமப் போனா? ட்ரைவர் அய்யேயும் எனக்குப் புதுசு."

சாரதி விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார். "உதே இந்தலம தன்னவா!" என்றார். காலையிலிருந்தே அவருக்குத் தெரியுமாம், எங்களையும் தெரியுமாம், கைட்டையும் தெரியுமாம். வானுக்குள் சம்பல் மணம் என்னைக் கொன்றது, ஒரு வாய் தருவீர்கள் என்று தம்புள்ளைவரை பார்த்துக்கொண்டு வந்தேன் என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பார்சல் அதற்குள் பழுதாகிப் புளிச்ச மணம் அடித்துக்கொண்டு இருந்தது.

கைட் வழமைப்படி அம்மாவின் காதுக்குக் குனிந்து உரத்துக் கத்தினான், இந்த முறை தமிழில். "ஆன்டி! நானும் தமிழ்!"

"எனக்குக் காதுக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றா அம்மா. "வடிவாக் கேக்கும்."

தம்பி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. அந்தப் படுத்திருந்த பெரிய புத்தரைப் பற்றி என்ன சொன்னனீ, தண்ணி சொட்டின இடத்தில ஏன் பானை வைச்சிருந்தவை, அந்த ஆமை மலை எது, உன்ர அம்மா என்ன செய்யிறா, நீ கலியாணம் கட்டினனியோ. அவன் பாவம், முழுப் பயணத்தையும் திரும்பத் தொடக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். அம்மா "அப்பிடியே! அப்பிடியே!" என்று கேட்டுக்கொண்டு வந்தா. கொழும்பு நெரிசலுக்குள் வான் ஊர்ந்தது. கொள்ளுப்பிட்டிக் கடைகளில் லைற் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பொடியன் ஒன்றும் அறியாமல் கேட்டான்:

"ஆன்டியும் மகனோட கனடா போறீங்களா?"

"இல்லைப் பிள்ளை," என்றா அம்மா. "நான் போகேல்லை."

அவ்வளவுதான். மரக்கறிக்காரனிடம் இன்றைக்கு முருங்கைக்காய் வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னா. மாதக்கணக்கில் நாங்கள் காத்திருந்த பதிலை முன்பின் தெரியாத கைட்டுக்குச் சொன்னா.

தம்பி திரும்பினான். "என்னம்மா சொல்லுறியள்? இப்ப பாத்தனீங்கள்தானே, இஞ்ச என்ன சீவியம் எண்டு. அங்க ஒருத்தருக்கும் பயப்பிடத் தேவையில்லை. றோட்டில நிண்டு கத்தித் தமிழ் கதைக்கலாம். ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

"ஆரோடை?" என்று கேட்டா அம்மா.

அவன் மடியில் கிடந்த கமராவின் வாரைத் திருகிக்கொண்டு இருந்தான்.

"இருட்டோட வேலைக்குப் போனால் இருட்டினாப்பிறகுதான் வாறனெண்டு நீதானே சொன்னனீ. இண்டைக்கு முழுக்க வாய் திறக்காமல் இருந்து பாத்தனான் தம்பி. ஒரு நாளெண்டால் ஏலும். அதுக்கு மேல என்னால ஏலாது."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. மறைத்து என்ன பயன்? அம்மா எனக்குத்தான். நாள் முழுக்கப் பட்ட அரியண்டம் எல்லாம் காசு கொடுத்து வாங்கினாலும் தகும் போல இருந்தது. வெற்றி பெற்றவள் மாதிரித்தான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் அழுதுகொண்டு இருந்தான். தொப்பியைக் கழற்றி முகத்தில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"நான் அங்க அப்பிடித்தானம்மா இருக்கிறன்," என்றான். தமிழில், கைட்டுக்கும் சாரதிக்கும் முன்னால், காலி வீதிக்கே கேட்கிற மாதிரி. "ஒரு நாளில்லை. அங்க போன நாள் தொடக்கம் அப்பிடித்தான். வேலையில ஆங்கிலம், வீட்டில சுவர். ஒரு சொல்லுத் தமிழ் கதைக்க ஆளில்லாமல்தானம்மா உங்களைக் கூப்பிட்டனான். உங்களை வைச்சுப் பாக்கிறதுக்கெண்டு ஊருக்கெல்லாம் சொன்னனான். பொய். எனக்குத்தான் ஏலாமல் கிடக்குது."

கைட் முன்பக்கம் திரும்பி இருந்துகொண்டான். சாரதி றேடியோவைக் குறைத்தார். அம்மா அவனுடைய தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டா. பம்பலப்பிட்டி போயிற்று, வெள்ளவத்தைப் பாலம் போயிற்று, ஒழுங்கைக்குள் வான் திரும்பியது, அதுவரைக்கும் கையை எடுக்கவில்லை. நாள் முழுக்க இவனைத் திட்டித் தீர்த்த நான், கீழே விழுந்த அவனுடைய தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

படியேறி வந்து விளக்கைப் போட்டதும் அம்மா சீலை மாற்றவில்லை, கால் கழுவவில்லை. நடு அறையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தா.

"அலுமாரிக்கு மேல கிடக்கிற அந்தப் பெரிய சூட்கேசை இறக்கு," என்றா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தம்பியிலா, அம்மாவிலா, இந்தப் பாழாய்ப்போன சண்டையிலா என்று தெரியாத கோபம். கதிரையைப் போட்டு ஏறி, சூட்கேசை இழுத்து, தூசியைத் தட்டி, அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். அப்ப நான் ஆரோடை கதைக்கிறது என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா சூட்கேசைத் திரும்ப மேலே போடச் சொல்லியிருப்பா. எனக்கு அது நிச்சயம். ஒரே நாளில் அந்த மனுசியைப் பிள்ளைகள் இரண்டு பேரும் எத்தனை பக்கம்தான் பிடித்து இழுக்கிறது?